சேற்றில் நின்ற இருபத்தேழாம் இலக்கம்

என் வயதுக்காரரே, முழங்காலுக்குக் களிம்பு பூசிவிட்டுக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, தொலைபேசியைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்து வாசிக்கிறவர்களே, இந்தச் சனிக்கிழமை காலையும் நம் பிள்ளைகள் சண்டையைத் தொடங்கிவிட்டார்கள். ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட்டில் என் மகள், மெல்பேர்னில் அவளுடைய மச்சாள்மார், வாட்ஸ்அப்பில் ஒரே இரைச்சல். எங்கள் கழகத்தின் அணித் தலைவரை இனி வெளியே இருத்திவிட வேண்டுமாம். புதிதாக வந்த நெட்டையனுக்குப் பிடிக்கத் தெரிகிறது, உதைக்கத் தெரியாதாம். அடுத்த பருவத்தில் முதல் நாலுக்குள் வர வழியே இல்லையாம். ஆட்டம் நடக்கும்போதே அவர்களுக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. பல் தீட்டி முடிப்பதற்குள் தோல்வி வந்து சேர்கிறது, கோப்பி ஆறுவதற்குள் பழசாகிவிடுகிறது.

நாங்கள் அப்படியா? நாங்கள் ஒரு தோல்வியை மாதக்கணக்கில் வைத்துத் தின்றவர்கள்.

அதே ஒஸ்லோவில், குரோருட்டில் எங்கள் வீடு நாலாம் மாடியில் இருந்தது. பல்கனிக் கதவைத் திறந்தால் டி-பானே ரயில் வளைவில் கிறீச்சிடும் சத்தம் உள்ளே வந்து உட்காரும். எனக்குப் பத்து வயது. அந்தக் கோடையில் எங்களுக்குத் தபாலில் மழை வந்தது. ஆம், மழைதான். அம்மாவின் தம்பி, என் மாமா, மெல்பேர்னில் இருந்தார். அங்கே குளிர்காலம், சேறு, சாய்ந்து பெய்யும் தூறல். அதையெல்லாம் வீடியோக் கசெட் கொப்பிகளில் அடைத்துத் தடித்த மஞ்சள் உறையில் அனுப்புவார். உறையைக் கிழித்தால் யூகலிப்டஸ் இலை வாசமும் சூடேறிய பிளாஸ்டிக் வாசமும் சேர்ந்து வரும். இரவு பத்து மணி வரைக்கும் எரிந்துகொண்டிருந்த வெயிலைத் திரைச்சீலையால் மூடிவிட்டு, வீடியோ டெக்கின் வாய்க்குள் கொப்பியைத் தள்ளுவோம். அது ஒருமுறை விழுங்கும், ஒருமுறை முனகும், பிறகு மழை பெய்யத் தொடங்கும்.

மாமா அங்கே ஒரு புறநகர்க் கழகத்தில் விளையாடினார். வெள்ளைச் சட்டை, மார்பின் குறுக்கே பச்சைக் கோடு. பகலில் கட்டடங்களுக்கு மின்கம்பி இழுக்கும் வேலை, சனிக்கிழமைகளில் இது. ஆஸ்திரேலியர்களின் காற்பந்து நாம் ஊரில் உதைத்த காற்பந்து அல்ல. மைதானமும் நீள்வட்டம், பந்தும் நீள்வட்டம். இரண்டு முனையிலும் நாலு நாலு கம்பங்கள். நடுவிலுள்ள இரண்டுக்கும் இடையால் உதைத்தால் ஆறு புள்ளி, ஓரத்தால் போனால் ஒன்று. கையால் பிடிக்கலாம், கை முஷ்டியால் குத்தலாம், ஓடலாம், ஒருவன் தோளில் மற்றவன் முழங்கால் வைத்து ஏறி வானத்திலிருந்து பந்தை இறக்கலாம். முதல் கொப்பியைப் பார்த்தபோது, எங்கள் கட்டடத்தின் வாக்ட்மேஸ்டர், அதாவது பராமரிப்பைப் பார்த்துக்கொண்ட நோர்வேஜியர், வெப்பக்குழாயைத் திருத்த வந்தவர், கையில் திருகுசாவியோடு அப்படியே நின்றுவிட்டார். பனிச்சறுக்குப் பாய்ச்சலில் கொடுப்பதுபோல இதிலும் அழகுக்குத் தனிப் புள்ளி கொடுக்க வேண்டும் என்றார். அன்றிலிருந்து அவரும் எங்கள் கழகம்.

படம் பிடித்தது அணித் தலைவரின் மனைவி. அவர் ஆட்டத்தைப் பார்த்தபடி பிடிப்பார். ஆகையால் கமரா பந்தின் பின்னாலேயே ஓடும், அவர் துள்ளினால் மைதானமும் துள்ளும். அவருடைய கத்தல் எங்களுக்கு மனப்பாடம். இன்றைக்கும் என் ஆங்கிலத்தில் கோபம் வந்தால் அந்தப் பெண்மணியின் உச்சரிப்புத்தான் வருகிறது.

ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் வரவேற்பறைதான் கழகத்தின் வடதுருவக் கிளை. அப்பா சோபாவின் வலப்பக்கம். இடப்பக்கம் மாஸ்டர், முதலாம் மாடியில் குடியிருந்தவர், ஊரில் கணக்குப் படிப்பித்தவர், ஒஸ்லோவில் பிள்ளைகளுக்குத் தாய்மொழிப் பாடம் எடுத்தவர். வாக்ட்மேஸ்டர் கதிரை கொண்டுவந்து வாசல்பக்கம். நான் தரையில், எல்லோருக்கும் முன்னால், மூக்குத் திரையில் முட்ட. என் ஆள் ஒன்பதாம் இலக்கம்: வெளிறிய முடி, காற்றைக் கிழிக்கும் ஓட்டம், எந்த மூலையிலிருந்தும் கம்பத்துக்கு நடுவால் உதைப்பவன். தலைவரின் முழங்கால் இனித் தாங்காது, அடுத்த ஆட்டத்தில் அவரை இருத்த வேண்டும் என்பது அப்பாவின் கட்சி. முழங்கால் இல்லாவிட்டாலும் தலைவர் தலைவர்தான் என்பது மாஸ்டரின் கட்சி. கொக்கு என்று நாங்கள் பெயர் வைத்த நெட்டையனை நடுவில் போடுவதா பின்னால் போடுவதா என்று மட்டும் தேத்தண்ணி இரண்டு தரம் ஆறும். கடைசியில் மாஸ்டர் ஒலிநாடாவில் பயிற்சியாளருக்கு அறிவுரை பதிவுசெய்வார். அப்பா இடையில் புகுந்து மறுப்பார். அம்மா அதைத் தபாலில் போடுவார். நடந்து முடிந்து நாலைந்து கிழமை ஆன ஆட்டத்துக்கு அடுத்தநாள் காலையில் உத்தி அனுப்பிய ரசிகர்கள் உலகத்தில் நாங்கள் மட்டுமாகத்தான் இருக்கும்.

எல்லா விஷயத்திலும் மோதிக்கொண்ட அந்த மூன்று ஆண்களும் ஒரே ஒரு விஷயத்தில் ஒற்றுமை. இருபத்தேழாம் இலக்கம் சரியில்லை.

இருபத்தேழாம் இலக்கம் என் மாமா.

அவர் பந்தைப் பிடிக்கமாட்டார். படத்தில் ஒரு ஓரத்தால் வருவார், யாரோ ஒருவனோடு தோளைக் கொடுத்து மோதுவார், கமரா பந்தோடு போய்விடும், அவர் படத்தை விட்டே போய்விடுவார். பிறகு தூரத்தில் எங்காவது சேற்றிலிருந்து எழும்பிக்கொண்டிருப்பார். அந்தப் பருவம் முழுவதிலும் ஒரே ஒரு தடவை பந்தைப் பிடித்தார். அதுவும் தற்செயலாக நெஞ்சில் வந்து விழுந்தது. உம்மட தம்பிக்குப் பந்தைக் கண்டால் பயம் என்று அப்பா சொல்லுவார். மாஸ்டர் ஒருபடி மேலே போனார்.

"உங்கட தம்பி ஆட்டக்காரன் இல்லைத் தங்கச்சி. வெறும் கதியால் தடி. வேலியில நட்டால் முளைக்கும்."

அம்மா கட்லட் தட்டை அவருக்கு எட்டாத பக்கம் வைத்தார். "முளைக்கட்டும். வேலி இல்லாத காணிக்கு ஆர் மாஸ்டர் மதிப்புக் குடுக்கிறது?"

அம்மாவின் வாய் அப்படி. ஆனால் குசினிக்குள் போனதும் தோள் இறங்கிவிடும். தாயில்லாத தம்பியை இடுப்பில் வைத்துச் சோறூட்டி வளர்த்தவர் அவர். நாட்டை விட்டு வெளிக்கிட்டபோது தம்பி பூமியின் கீழ்முனைக்கும் அக்கா மேல்முனைக்கும் போனார்கள். இப்போது அம்மாவின் பொறுப்பில் மிச்சமிருந்தது அவனுக்கு ஒரு கலியாணம். ஏற்கனவே இரண்டு இடங்கள் பேசி விட்டுப்போயிருந்தன. வளர்ந்த ஆம்பிளை வார விடுமுறையில் சேற்றில் உருளுகிறானாம், பொறுப்பில்லையாம்.

இலையுதிர்காலத்தில் மூன்றாவது இடம் வந்தது, பக்கத்து ரொம்சோஸிலிருந்து. சாதகக் குறிப்புப் பொருந்தியது. மாமாவின் படமும் பிடித்துப்போனது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் தமிழ்ப் பாடசாலை விழாவில், நாலுபேர் கேட்க, என் தம்பி இல்லாவிட்டால் அந்தக் கழகமே இல்லை என்று அம்மா சொல்லிவிட்டார். ஏன் சொன்னார்? எனக்கு இன்றைக்கு அம்மாவின் அந்த வயது ஆகிவிட்டது, விளங்குகிறது. விட்டுப்போன அந்த இரண்டு இடத்தாரின் பேச்சு அத்தனை நாள் அவருக்குள் கிடந்து குத்தியிருக்கிறது. பெண்ணின் தகப்பன், பழைய காற்பந்துப் பைத்தியம், அதைக் கேட்டுவிட்டார். படத்தில் எல்லோரும் நல்லவர்கள்தான், மாப்பிள்ளையை ஓடும்போது பார்க்கவேணும் என்றார். ஒருவனுடைய குணம் அவன் ஓடும் ஓட்டத்தில் தெரிந்துவிடுமாம். வருகிற ஞாயிறு குடும்பத்தோடு வருகிறார்களாம்.

அந்தக் கிழமை எங்கள் வீட்டில் யாரும் கழகத்தைப் பற்றிக் கதைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மஞ்சள் உறை வந்தது. இறுதி ஆட்டம். கொக்கை நடுவில் போட்டு, தலைவரின் முழங்காலைக் கட்டிக்கொண்டு, எப்படியோ எங்கள் பச்சைக் கோடு இறுதிக்கு வந்திருந்தது. முடிவு எங்களுக்குத் தெரியாது. அப்பாவின் திட்டம் வேறு. மாமா பந்தைப் பிடித்த அந்த ஒரு ஆட்டத்தைப் போடுவது, அந்த இடத்தைக் காட்டுவது, பிறகு டெக் பழுதாகிவிட்டது என்று சொல்லிப் பற்றிஸ் பலகாரம் பரிமாறுவது. நல்ல திட்டம். மாஸ்டரும் சம்மதித்தார்.

ஞாயிறன்று அந்த வருடத்தின் முதல் பனி கொட்டியது. வாசலில் சப்பாத்துகள் குட்டை விட்டுக்கொண்டு நின்றன. பெண்ணின் தகப்பனான ரொம்சோஸ் அங்கிளும் அவருடைய மனைவியும் உள்ளே வந்து உட்கார்ந்து, கம்பளிக்குள்ளிருந்து ஆவி பறக்கத் தேத்தண்ணி குடித்தார்கள். கொஞ்சம் பிந்தி அழைப்புமணி அடித்தது. பெண் நின்றாள். ஈரத் தலை, தோளில் விளையாட்டுப் பை, இரண்டு விரலைச் சேர்த்து ஒட்டிய பிளாஸ்டர். ஹாண்ட்பால் என்கிற கைப்பந்து ஆட்டம் முடிந்து நேரே வந்திருந்தாள். தாய்க்கு முகம் கறுத்தது. சேலை கட்டி வரச் சொன்னனான் என்று மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் நாலாம் மாடி முழுக்கக் கேட்டது. பெண் என் பக்கத்தில் தரையில் சப்பாணி கட்டி உட்கார்ந்தாள். அவளிடமிருந்து கைப்பந்துக்காரர் விரலில் பூசும் பிசின் வாசம் வந்தது. எனக்கு உடனே அவளைப் பிடித்துப்போனது.

அப்பா பழைய கொப்பியைக் கையில் எடுத்தார். அப்போதுதான் அம்மா குசினியிலிருந்து வந்து, மஞ்சள் உறையைப் பல்லால் கிழித்தார்.

"இஞ்சேரும்," என்றார் அப்பா, குரல் இல்லாமல்.

"இறுதி ஆட்டம் வந்திருக்கேக்கை பழசை ஏன் போடுவான்?" என்று சிரித்தபடி டெக்கின் வாய்க்குள் தள்ளிவிட்டார். சிரித்தது வாய் மட்டும்தான். கட்டிக் காக்கிற பொய்யைவிடத் தெரியாத உண்மை மேல் என்று நினைத்தாரோ, இல்லை வீம்போ, நான் கேட்டதில்லை.

படம் வந்ததும் அப்பாவும் மாஸ்டரும் வாசல்பக்கக் கதிரையிலிருந்த வாக்ட்மேஸ்டரும் ஒருமிக்கப் பெருமூச்சு விட்டார்கள். இது வேறு மைதானம், வேறு ஆள் பிடித்த படம். எங்கோ கட்டடக் கூரையில் கமராவை நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். தலைவரின் மனைவியின் கத்தல் இல்லை, காற்றும் மழையும் மட்டும். மனிதர்கள் எறும்பளவு. ஆனால் முழு மைதானமும் ஒரே பார்வையில் கிடந்தது, பச்சைத் தாம்பாளம்போல. அந்தா, இருபத்தேழு, வலக்கைப் பக்கம், என்று அம்மா காட்டினார். மாமா நின்றார். மோதினார். விழுந்தார். எழும்பினார். ஆட்டத்தின் நாலு பகுதியில் முதல் கால்பகுதி போயிற்று, இரண்டாவதும் போயிற்று. பச்சைக் கோடு பின்தங்கியிருந்தது.

தம்பி எப்ப பந்து எடுப்பார் என்று ரொம்சோஸ் அங்கிள் மரியாதையாகக் கேட்டார்.

எடுப்பார், எடுப்பார், பொறுத்து எடுக்கிற ஆள் அவர் என்றார் மாஸ்டர். கதியால் என்று சொன்ன அதே வாயால். அந்தப் பொய்க்காகவே நான் அவரை எல்லாவற்றுக்கும் மன்னித்தேன்.

மூன்றாம் கால்பகுதியில் அது நடந்தது. ஒன்பதாம் இலக்கம் பந்தோடு ஓடிவந்தான். அவனுக்கு முன்னால் மாமா. எதிரணிக்காரர் இருவர் மாமாமேல் வந்து அடித்தார்கள். மாமா மல்லாக்கச் சேற்றில் போனார். ஒன்பது தாண்டி ஓடி உதைத்தான், ஆறு புள்ளி. நான் கைதட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை. மாமா சேற்றில் கிடந்தார், வெள்ளைச் சட்டை தெரியவில்லை.

"மற்றவன் ஓடி அடிச்சதுக்கு, இவர் ஏன் விழுந்தவர்?" என்றார் அங்கிள்.

அவருடைய மனைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா தட்டோடு அப்படியே நின்றார்.

"நிப்பாட்டுங்கோ," என்றாள் பெண். "திருப்பிப் போடுங்கோ."

அப்பா திருப்பினார். மாமா சேற்றிலிருந்து எழும்பி, பின்பக்கமாக நடந்து, நின்ற இடத்தில் போய் நின்றார்.

"அப்பா, இவர் விழேல்ல. இவர் அந்த ரெண்டு பேரையும் தன்மேல வாங்கினவர். நான் செய்யிற வேலைதான் இது."

யாருக்கும் விளங்கவில்லை. அவள் எழுந்தாள். சொல்லிக்கொண்டு இருக்கிற ஆள் இல்லை அவள், செய்து காட்டுகிற ஆள். அப்பாவையும் மாஸ்டரையும் பிடித்து அறை நடுவில் தோளோடு தோள் நிறுத்தினாள், இவர்கள் எதிரணி. என்னைப் பின்னால் நிறுத்தினாள், நான் ஒன்பதாம் இலக்கம். தான் கைப்பந்தில் எதிரணிக் கோலுக்கு முன்னாலுள்ள கோட்டில் விளையாடுகிறவள் என்றாள். எதிரணியின் சுவருக்குள் புகுந்து, முதுகைக் கொடுத்து மறித்து நிற்பதுதான் தன் வேலை, பந்து எறிகிறவள் வேறொருத்தி, பேர் வாங்குவதும் அவள்தான். சொல்லிக்கொண்டே இடுப்பைத் தாழ்த்தி மாஸ்டரின் விலாவில் தோளைக் கொடுத்தாள். கணக்கு வாத்தியார் கதவுபோல் திறந்தார்.

"ஓடு," என்றாள் எனக்கு.

ஓடினேன், என் தோழரே. அப்பாவுக்கும் மாஸ்டருக்கும் நடுவில் ஒரு வாசல் இருந்தது, ஒரு நிமிடம் முன்பு அங்கே வெறும் சுவர். நான் அதற்குள்ளால் பாய்ந்து பல்கனிக் கண்ணாடியில் உள்ளங்கை இரண்டும் அறைய நின்றேன். வெளியே பனி. கண்ணாடியின் குளிர் சுட்டது. வாழ்க்கையில் பிறகு பட்டம் வாங்கியிருக்கிறேன், பரிசு வாங்கியிருக்கிறேன், பிள்ளை பெற்றிருக்கிறேன். அப்படி ஒரு வாசல் எனக்காகத் திறந்ததை மறுபடி உடம்பு முழுவதால் உணர்ந்தது அபூர்வம்.

"இனிப் பந்தைப் பார்க்காதேங்கோ," என்றாள் அவள் எல்லோருக்கும். "இவரை மட்டும் பாருங்கோ."

கடைசிக் கால்பகுதியை நாங்கள் அப்படித்தான் பார்த்தோம். பருவம் முழுக்கப் பந்தின் பின்னால் அலைந்த கண்கள் முதல்தடவையாக ஓரிடத்தில் நின்றன. கடவுளே, என்ன ஆட்டம் அது. மாமா நடந்தால் கொஞ்சத்தில் பந்து அங்கே வந்தது. மாமா தோளைத் திருப்பினால் ஒரு பாதை திறந்தது, அதில் யாரோ ஓடினான். கொக்கு பாய்ந்து பிடித்தபோது கொக்கின் கீழ் நின்று எதிரியைத் தடுத்தது மாமா. முழங்கால் கட்டிய தலைவர் தடையில்லாமல் உதைத்தபோது அந்தத் தடைகளை எங்கேயோ கொண்டுபோய் விழுத்தியிருந்தது மாமா. எங்களுக்கு விளையாட்டின் உள்வீடு தெரிந்தது. வாக்ட்மேஸ்டர் எழுந்து நின்றுவிட்டார். ரொம்சோஸ் அங்கிள் சோபா நுனிக்கு வந்துவிட்டார். அவருடைய மனைவி, கடிகாரம் பார்த்தவர், அந்தப் பிள்ளைக்கு நல்லா அடிபடுது, ஆராவது பார்க்கக்கூடாதோ என்று யாருக்கோ முறையிட்டுக்கொண்டிருந்தார்.

பச்சைக் கோடு ஒரு உதைக்கும் குறைவாகப் பின்தங்கியிருந்தது. நேரம் முடிகிறது. பந்து இன்னும் தூரத்தில், நடுவில், யார் கையிலோ. மாமா முன்பக்கம் ஓடத் தொடங்கினார், தனியாக, பந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"திறக்கப்போறார்," என்றாள் பெண், மெல்ல.

திறந்தார். மூன்று பேர் அவர்மேல் விழ, அந்த மூன்று பேர் நின்ற இடம் வெறுமையாக, அந்த வெறுமைக்குள் ஒன்பது வர, பந்து வர, உதை. நடுக் கம்பங்களுக்கு நடுவால். சங்கு ஊதியது. எங்கள் வரவேற்பறையில் நடந்ததை நான் எழுதமாட்டேன். கீழ்வீட்டுக்காரர் விளக்குமாற்றால் முகட்டை இடித்தது மட்டும் நினைவிருக்கிறது, அதையும் யாரோ கைதட்டல் என்று எடுத்துக்கொண்டார்கள்.

திரையில் பச்சைக் கோடு முழுக்க ஒன்பதாம் இலக்கத்தை நோக்கி ஓடியது. அவன் நிற்கவில்லை. கட்டிப்பிடிக்க வந்தவர்களை விலக்கிக்கொண்டு, எறும்பளவு மனிதன், மைதானத்தின் குறுக்கே ஓடி, சேற்றில் கிடந்த ஒருவனைத் தேடிப்போய் இரண்டு கையாலும் தூக்கித் தோளில் வைத்தான். முகம் தெரியவில்லை. இலக்கம் தெரியவில்லை. எங்கள் எல்லோருக்கும் யாரென்று தெரிந்தது. அம்மா தட்டை மேசையில் வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

ரொம்சோஸ் அங்கிள் தொண்டையைச் செருமினார். முறை என்று ஒன்று இருக்கிறதே. நல்லது, சந்தோசம், வீட்டில் கதைத்து யோசித்து ஒரு பதில் சொல்லுறம் என்று தொடங்கினார்.

பெண் விளையாட்டுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள். "நீங்கள் யோசியுங்கோ அப்பா. நான் யோசிச்சிட்டன்."

தகப்பன் மகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. பிறகு, தோற்றவர்கள் கடைசியாக எழுப்புகிற நியாயத்தை எழுப்பினார். ஒரே மகள். மெல்பேர்ன் எங்கே, ரொம்சோஸ் எங்கே. மாப்பிள்ளை நோர்வேக்கு வந்துவிடலாம்தானே, மின்வேலை இஞ்சையும் இருக்குத்தானே.

அம்மா வாய் திறப்பதற்குள் மாஸ்டர் எழும்பிவிட்டார். விலாவை ஒரு கையால் பிடித்தபடி, கண்ணெல்லாம் சிவந்து, தன் வாழ்நாள் முழுக்க இருபத்தேழாம் இலக்கத்துக்காகவே வழக்காடியவர்போல.

"என்ன கதை கதைக்கிறியள் ஐயா? அவர் இஞ்சை வந்தால், வாற வருசம் ஒன்பதாம் இலக்கத்துக்கு ஆர் வழி திறக்கிறது?"

அப்பா அதை ஆமோதித்தார். வாக்ட்மேஸ்டர், யாரும் மொழிபெயர்க்காமலே, ஆமோதித்தார். ரொம்சோஸ் அங்கிள் கொஞ்சம் யோசித்து, தலைவரின் முழங்கால் இன்னொரு பருவம் தாங்குமோ என்று கேட்டபடி மறுபடி சோபாவில் உட்கார்ந்தார். அம்மா பற்றிஸைச் சூடாக்கப் போனார். போகும்போது பாடிக்கொண்டு போனார்.